வண்டிக்குப் புண்ணியம் ஊற்ற முடியுமா?

பிறர் குற்றத்தை எழுத வருகிறவர்கள் தம் குற்றத்தை முதலில் சொல்லிவிடுவது நல்லது. எனவே வெட்கத்தோடு தொடங்குகிறோம்.

2024ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தின் முதல் வாரம். ஃபெஞ்சல் புயல் நம் மாவட்டத்தைப் புரட்டிப் போட்டிருந்த நேரம். டிசம்பர் முதல் நாள் திருவண்ணாமலை வ.உ.சி. நகரில் மலை சரிந்து, ஒரு வீட்டுக்குள் இருந்த ஏழு உயிர்களை மண் மூடிற்று. மறுநாள் சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிடப்பட்ட வெள்ளம் தென்பெண்ணையின் கரைகளை மீறி ஓடிற்று. தண்டராம்பட்டுப் பக்கத்தில், அந்த வெள்ளத்தின் அரவம் கேட்கும் தொலைவில் ஒரு சிற்றூர். அங்கேதான் நம் ஆயா இருக்கிறார். எழுபதைக் கடந்தவர். சர்க்கரை நோய். இடது காலில் ஆறாத புண். வியாழன்தோறும் ஒரு செவிலியர் வண்டியில் வருவார்; புண்ணைக் கழுவுவார்; மருந்திட்டுக் கட்டுவார்; சர்க்கரையைச் சோதிப்பார்; "சோத்த கொறச்சுக்கோ ஆயா" என்று அதட்டுவார்; போவார். ஊரே அவரை நர்சம்மா என்றுதான் அழைக்கும்.

அந்த வியாழன் நர்சம்மா வரவில்லை. வெள்ளியும் வரவில்லை. சனிக்கிழமை பகல் பொழுதில் வந்தார். புண்ணில் நாற்றம் எழுந்திருந்தது. ஆயாவின் கண்ணில் நீர். நமக்கோ சினம் தலைக்கேறிற்று. படித்தவன் என்ற செருக்கு வேறு! "மாதம் பிறந்தால் சம்பளம் வாங்குகிறீர்கள், வேலைக்கு மட்டும் வரமாட்டீர்களா?" என்று கேட்டுவிட்டோம். நர்சம்மா ஒன்றும் சொல்லவில்லை. கையைக் கழுவினார். கட்டைப் பிரித்தார். அரைமணி நேரம் குனிந்தபடியே வேலை செய்தார். முடித்தபின் நிமிர்ந்து, அமைதியாகச் சொன்னார்:

"சின்ன பாலம் அடிச்சிக்கினு போயிடிச்சி தம்பி. சுத்திக்கினுதான் வரணும். போக வர நாப்பது கிலோமீட்டர். வியாழக்கெழம வண்டியில அவ்வளவு பெட்ரோல் இல்ல. போட்டுக்க கையிலயும் இல்ல. சம்பளம் இன்னும் வரல."

பெட்ரோல் இல்லை! ஒரு கிழவியின் காலைக் காக்கும் கலை தெரிந்திருந்தது; கருணை இருந்தது; மருந்து இருந்தது; பஞ்சும் துணியும் இருந்தன. இல்லாமற்போனது ஒரு லிட்டர் பெட்ரோல். அது இல்லாததால் மற்றவை அனைத்தும் பத்துக் கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு பைக்குள் முடங்கிக் கிடந்தன.

அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அவரை அனுப்பும் இடத்தின் பெயரையும் எழுதப் போவதில்லை. ஒருவர் மீது கல்லெறிவதற்காக எழுதுவதன்று இது. ஆனால் அன்று அவர் கைப்பையிலிருந்து எடுத்துக் காட்டிய சிறு குறிப்பேட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நாள், ஊர், தொலைவு, போட்ட பெட்ரோல் என நான்கு பத்திகள். முத்து முத்தான எழுத்து. எவரும் கேட்காத கணக்கு! "யாருக்குக் காட்டுவதற்காக எழுதுகிறீர்கள்?" என்று வினவினோம். "எனக்கே தெரியணும் இல்ல தம்பி, எவ்வளவு போவுதுன்னு" என்றார். மாதாமாதம் ஒரு குறித்த தொகை பயணப்படி என்று வருகிறதாம். அது எப்போதோ ஒருவர் போட்ட தொகை. அதன்பின் பெட்ரோல் ஏறிற்று. டயர் விலை ஏறிற்று. வண்டிக் காப்பீடு ஏறிற்று. படி மட்டும் போட்ட இடத்திலேயே படுத்துக்கொண்டிருக்கிறது.

திங்கட்கிழமை பள்ளிக்குச் சென்றோம். கணக்காசிரியர் விடுப்பில் இருந்தார். எட்டாம் வகுப்பை நம்மிடம் ஒப்படைத்தனர். நாமோ கலைப்பட்டம் பெற்றவர். கணக்கில் பெரும்புலி அல்ல. ஆயினும் அந்தக் குறிப்பேடு நெஞ்சில் உறுத்திக்கொண்டிருந்தது. கரும்பலகையில் இப்படி எழுதினோம்:

'ஒரு செவிலியர் நாளொன்றுக்கு 30 கிலோமீட்டர் வண்டியில் செல்கிறார். மாதத்தில் 25 நாள் வேலை. வண்டி லிட்டருக்கு 45 கிலோமீட்டர் ஓடும். பெட்ரோல் லிட்டர் 75 ரூபாய் விற்றபோது அவருக்குச் சரியாகப் பயணப்படி வகுத்தார்கள். இப்போது லிட்டர் 100 ரூபாய். படி மாறவில்லை. ஓர் ஆண்டில் அவர் இழப்பது எவ்வளவு?'

பிள்ளைகள் போட்டார்கள். மாதத்துக்கு 750 கிலோமீட்டர். ஏறத்தாழ 16 லிட்டரும் முக்கால் லிட்டருக்குச் சற்றுக் குறைவும். பழைய விலையில் 1,250 ரூபாய். புதிய விலையில் 1,667 ரூபாய். மாதத்துக்கு 417 ரூபாய் துண்டு விழுகிறது. ஆண்டுக்கு ஐயாயிரம்! விடையைச் சொல்லிவிட்டு எல்லோரும் உட்கார்ந்தார்கள். கடைசிப் பலகையில் இருந்த ஒரு பெண் மட்டும் உட்காராமல் நின்றாள். "அந்த அஞ்சாயிரத்த யார் சார் குடுத்தாங்க?" என்று கேட்டாள்.

தோழர்களே! அந்தக் கேள்விக்குத்தான் இந்தக் கட்டுரை.

அந்த ஐயாயிரத்தைக் கொடுத்தவர் நர்சம்மா. தன் பிள்ளையின் புத்தகத்திலிருந்து, தன் வீட்டுப் பாலிலிருந்து, தன் மருந்துச் செலவிலிருந்து எடுத்துக் கொடுத்தார். வேலை செய்வதற்குக் கூலி பெறுவது உலக வழக்கம். வேலை செய்வதற்காகத் தானே பணம் கட்டுவது எந்த ஊர் வழக்கம்? முதலாளியின் சரக்கைச் சுமக்கும் லாரிக்கு ஓட்டுநரா டீசல் போடுகிறார்? தபாலைக் கொண்டு செல்பவரா தபால்தலைக்குக் காசு கொடுக்கிறார்? பேருந்து நடத்துநரைப் பார்த்து, "இன்று வண்டி ஓட உன் பையிலிருந்து நூறு ரூபாய் எடு" என்று சொன்னால் ஊர் சிரிக்காதா? செவிலியரிடம் அதையே செய்கிறோம், ஊர் சிரிக்கவில்லை. ஏன்?

ஏனெனில் அவர் செய்வதற்கு நாம் வேறொரு பெயர் சூட்டிவிட்டோம். தொண்டு என்கிறோம். தியாகம் என்கிறோம். அன்னை என்கிறோம், தேவதை என்கிறோம். மே 12ஆம் நாள் செவிலியர் தினம் வந்தால் பூங்கொத்து, பொன்னாடை, புகழுரை! இவையெல்லாம் முடிந்தபின் வாசலில் நிற்கும் வண்டியின் கலன் காலியாகவே இருக்கிறது. "உங்களுக்குக் கோடிப் புண்ணியம்!" என்று நம் ஆயாவும் ஒவ்வொரு வியாழனும் வாழ்த்துவார். வாழ்த்து இனிமையானது. ஆனால் வண்டிக்குப் புண்ணியம் ஊற்ற முடியுமா? ஊற்றினால் ஓடுமா?

நம் ஊர் திருவண்ணாமலை. புண்ணியத்தின் கணக்கு இங்கே எல்லோருக்கும் தெரியும். பௌர்ணமி தோறும் இலட்சக்கணக்கானோர் மலையைச் சுற்றி 14 கிலோமீட்டர் நடக்கிறார்கள். சிறப்புப் பேருந்துகள் ஓடுகின்றன, குடிநீர் வைக்கிறார்கள், வழியெல்லாம் விளக்கு. கார்த்திகைத் தீபத்துக்கு மலையுச்சியில் ஆயிரக்கணக்கான கிலோ நெய் எரிகிறது. எரியும் நெய்யைப் பற்றி இங்கே வழக்காட வரவில்லை. அதற்கு வேறு கட்டுரை, வேறு நாள். ஆனால் ஒன்றைக் கேட்கிறோம். நாளொன்றுக்கு 30 கிலோமீட்டர் என்றால், ஒவ்வொரு நாளும் இருமுறை மலையைச் சுற்றுவதைவிட நீண்ட வழி. அந்த வழியை ஒரு பெண் தன் புண்ணியத்துக்காகச் சுற்றவில்லை. பிறர் புண்ணுக்காகச் சுற்றுகிறார். நெய்க்குக் கணக்குப் பார்க்காத ஊர், அவருடைய பெட்ரோலுக்கு மட்டும் கணக்குப் பார்ப்பது என்ன நீதி?

இனி விலையின் கதையைப் பார்ப்போம். பெட்ரோல் விலையைக் கட்டுப்பாட்டிலிருந்து 2010 ஜூனில் விடுவித்தார்கள். 2017 ஜூன் 16 முதல் நாள்தோறும் விலையை மாற்றும் முறை நாடெங்கும் வந்தது. 2021 ஜூலையில் சென்னையிலே லிட்டர் நூறு ரூபாயைத் தாண்டிற்று. அவ்வாண்டு ஆகஸ்டில் தமிழ்நாட்டரசு தன் நிதிநிலை அறிக்கையில் லிட்டருக்கு 3 ரூபாய் வரியைக் குறைத்தது. ஒன்றிய அரசு 2021 நவம்பரில் 5 ரூபாயும், 2022 மே மாதத்தில் 8 ரூபாயும் தன் வரியில் குறைத்தது. குறைத்ததை வரவேற்போம். ஆயினும் இதிலுள்ள உண்மையைக் காண வேண்டும். விலைக்கு நாள்தோறும் நகரும் உரிமை உண்டு என்று கொள்கையே வகுத்துவிட்டது. நகரும் விலையை நகராத படியைக் கொண்டு ஈடுசெய்யச் சொல்வது, ஓடும் ரயிலை மரத்தில் கட்டிய கயிற்றால் பிடித்து நிறுத்தச் சொல்வது போன்றதன்றோ?

விலையோடு சேர்ந்து நகரும் படி நாட்டில் இல்லாமல் இல்லை. நம்மையே எடுத்துக்கொள்வோம். நாம் ஆசிரியர். விலைவாசிக் குறியீட்டெண் ஏறினால் அகவிலைப்படி ஏறுகிறது. நாம் கொடி பிடித்துத் தெருவில் நின்றுதான் ஒவ்வொரு முறையும் அது வருகிறது என்பதில்லை; கணக்கே அதைக் கொண்டுவருகிறது. ஒன்றிய அரசு ஊழியர்க்கு ஆண்டுக்கு இருமுறை, ஜனவரியிலும் ஜூலையிலும் கணக்கிடும் ஏற்பாடு. அரிசியும் பருப்பும் ஏறினால் நம் வயிறு காயக்கூடாது என்று கருதிய அறிவு, பெட்ரோல் ஏறினால் நர்சம்மாவின் வண்டி காயக்கூடாது என்று கருதவில்லையே!

இன்னும் மேலே செல்வோம். நாடாளுமன்ற உறுப்பினர்களின் சம்பளத்தை விலைக் குறியீட்டோடு பிணைத்து, ஐந்தாண்டுக்கு ஒருமுறை தானே உயரும்படி 2018ஆம் ஆண்டு நிதிச் சட்டத்தில் வழி செய்தார்கள். அதன்படி 2025 மார்ச்சில் வந்த அறிவிப்பு, மாதச் சம்பளத்தை ஓர் இலட்சத்திலிருந்து 1,24,000 ரூபாயாக, 2023 ஏப்ரல் முதல் நாளிலிருந்து முன்தேதியிட்டு உயர்த்திற்று. சாலைப் பயணத்துக்குக் கிலோமீட்டருக்கு 16 ரூபாய் என்று 2010லேயே வகுத்திருந்தார்கள். இதில் நமக்குப் பொறாமை இல்லை. மக்கள் பிரதிநிதி தொகுதியைச் சுற்ற வேண்டும், சுற்றினால் செலவாகும், செலவை நாடு தர வேண்டும். சரிதான். அந்தத் தருக்கத்தில் ஒரு சொல்லை மட்டும் மாற்றிப் படியுங்கள்: செவிலியர் ஊர்களைச் சுற்ற வேண்டும், சுற்றினால் செலவாகும், செலவை நாடு தர வேண்டும். முதல் வாக்கியம் சட்டமாகிறது. இரண்டாம் வாக்கியம் மனுவாகவே நிற்கிறது!

கடல் கடந்தும் பார்க்கலாம். 2022இல் உலகெங்கும் எண்ணெய் விலை எகிறியது. அமெரிக்காவில் சொந்த வண்டியில் வேலைக்காகச் செல்வதற்கான மைல்கணக்கை வழக்கமாக ஆண்டுத் தொடக்கத்தில் அறிவிப்பார்கள். அவ்வாண்டு காத்திருக்கவில்லை, ஜூலை முதல் நாளிலேயே மைலுக்கு 58.5 சென்டிலிருந்து 62.5 சென்டாக உயர்த்தினார்கள். இங்கிலாந்தின் பொது மருத்துவப் பணியில் இருப்போர்க்கு, மோட்டார் செலவை ஆண்டுக்கு இருமுறை ஆராய்ந்து படியைத் திருத்தும் ஏற்பாட்டை ஊழியர் ஒப்பந்தத்திலேயே எழுதி வைத்தார்கள். அங்கே எல்லாம் பொன்மயம் என்று சொல்லவில்லை. அங்கும் முணுமுணுப்பு உண்டு. ஆனால் விலை ஏறினால் படி ஏற வேண்டும் என்ற கொள்கை அங்கே வழக்காடப்படும் பொருளன்று. எவ்வளவு என்பதே வழக்கு. நாம் இன்னும் கொள்கை வாசலிலேயே நின்றுகொண்டிருக்கிறோம்.

இதற்கு மறுப்புரைப்போர் உண்டு. அவர்கள் வாதங்களையும் நேர்மையோடு எடுத்து நிறுத்துவோம்.

"பெண்களுக்கு நகரப் பேருந்தில் கட்டணமே இல்லையே, அதில் போகலாமே" என்பார்கள். 2021 மே மாதத்தில் வந்த அந்தத் திட்டத்தைப் போற்றுகிறோம். நம் மாணவியரின் தாய்மார் அதனால் பெற்ற பயனை நாள்தோறும் காண்கிறோம். ஆனால் பேருந்து நிறுத்தத்தில் நிற்கும்; நோயாளி வீட்டில் கிடக்கிறார். நிறுத்தத்துக்கும் வீட்டுக்கும் நடுவே வயல், வரப்பு, ஓடை, மூன்று கிலோமீட்டர் மண்பாதை. நம் ஆயாவின் ஊருக்குக் காலையில் ஒரு பேருந்து, மாலையில் ஒரு பேருந்து. அதை நம்பினால் ஒரு நாளில் ஒரு புண்ணைத்தான் கட்ட முடியும். ஏழு வீடுகளுக்குப் போக முடியாது.

"கிலோமீட்டர் கணக்கு என்றால் பொய்க்கணக்கு எழுதுவார்கள்" என்பார்கள். எந்த வீட்டுக்கு எந்த நாளில் சென்றார், யாருக்கு எவ்வளவு சர்க்கரை என்பதை அன்றன்றே கைப்பேசியில் ஏற்றும்படி அவரிடம் கேட்கிறார்கள். நோயாளியின் கணக்குக்கு நம்பப்படும் அதே பதிவு, பெட்ரோல் கணக்குக்கு மட்டும் நம்பத்தகாததாகிவிடுமா?

"பணத்துக்கு எங்கே போவது?" என்பார்கள். இதுதான் கனமான வாதம். எளிதாகத் தள்ளிவிட மாட்டோம். அரசுக்கு ஆயிரம் செலவு உண்டு. ஆனால் செலவு மறைந்துவிடவில்லை என்பதை நினைவில் கொள்ளுங்கள். அரசோ நிறுவனமோ கொடுக்காவிட்டால் செவிலியர் கொடுக்கிறார். செவிலியரால் கொடுக்க இயலாத நாளில் நோயாளி கொடுக்கிறார். ஒரு வாரம் தவறிய கட்டு, புண்ணைப் பெரிதாக்குகிறது. பெரிதான புண் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகிறது. அங்கே விரலை எடுக்கிறார்கள். சில வேளை காலையே எடுக்கிறார்கள். அந்த அறுவைக்கும் படுக்கைக்கும் ஆகும் செலவை எண்ணிப் பாருங்கள். ஒரு லிட்டர் பெட்ரோலை மிச்சம் பிடித்து ஒரு காலைச் செலவு செய்வதா சிக்கனம்?

மருத்துவமனைக்கு மக்கள் வரட்டும் என்றிருந்த காலம் மாறிவிட்டது. 2021 ஆகஸ்டு 5ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கப்பட்டது. இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் வீடு தேடி மருந்து. படுத்த படுக்கையாய்க் கிடப்போர்க்கு வீடு தேடி வலி தணிக்கும் பணி. முடங்கியவர்க்கு வீடு தேடி உடற்பயிற்சி. 2024இல் ஐக்கிய நாடுகள் அவையின் விருதும் அதற்குக் கிடைத்தது. பெருமைதான். மருத்துவம் மக்களைத் தேடுகிறது என்றால் அதற்குக் கால் வேண்டுமல்லவா? அந்தக் கால் வண்டிச்சக்கரம். மருந்துக்குப் பணம் ஒதுக்குவோர், மருந்தைச் சுமக்கும் சக்கரத்துக்கும் ஒதுக்கியாக வேண்டும்; வண்டியும் மருத்துவத்தில் ஒரு பகுதிதான்.

மலைநாட்டை நினையுங்கள். நம் மாவட்டத்தின் ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூரைச் சுற்றிச் சிதறிக்கிடக்கும் குக்கிராமங்கள். சமவெளியில் ஐயாயிரம் பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்றால் மலையில் மூவாயிரம் பேருக்கு ஒன்று என்பது நாட்டின் விதி. காரணம், மலையில் வழி நீளம், ஆள் குறைவு, ஏற்றம் கடுமை. இந்த உண்மை விதி எழுதியவர்களுக்குத் தெரிந்திருந்தது. வளைவுதோறும் இறங்கி ஏறும் வண்டி சமவெளி வண்டியைவிட அதிகம் குடிக்கும் என்பதும் தெரிந்துதானே இருக்க வேண்டும்? கடைசி வீடு கைவிடப்படுவது வெறுப்பால் அன்று, தொலைவால். கைக்காசு குறைந்த மாதத்தில் ஒரு செவிலியர் எந்த வீட்டை விடுவார்? பக்கத்து வீட்டையா? இல்லை, தொலைவிலுள்ள வீட்டை. அந்தத் தொலைவில் இருப்பவர் யார்? ஏழை, மலைவாழ் மக்கள், சேரியில் தள்ளி வைக்கப்பட்டோர். சமூகம் தூரத்தில் தள்ளிவைத்தவனைப் பெட்ரோல் விலை இன்னும் தூரத்தில் தள்ளுகிறது. பயணப்படி என்பது சம்பளப் பட்டியலின் சிறு வரி என்று எண்ணிவிடாதீர்கள். அது சமநீதியின் ஒரு வரி.

ஆகவே நாம் கேட்பது மூன்று. ஒன்று: குறித்த தொகை என்னும் குருட்டுக் கணக்கு ஒழிந்து, சென்ற தொலைவுக்கு ஏற்பப் படி; மலைப்பாதைக்குக் கூடுதல் விகிதம். இரண்டு: ஆறு மாதத்துக்கு ஒருமுறை பெட்ரோல் விலையைப் பார்த்துப் படி தானே திருந்தும் ஏற்பாடு, செவிலியர் மனு எழுத வேண்டிய தேவையே எழக்கூடாது. மூன்று: நிலையான பணியாளர், ஒப்பந்தப் பணியாளர், தன்னார்வலர் என்ற வேறுபாடு இங்கே வேண்டாம். ஒப்பந்தக்காரரின் வண்டி குறைந்த பெட்ரோலில் ஓடுவதில்லை.

இளைஞர்கள் இதில் செய்யத்தக்கது உண்டு. ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 முதலிய நாள்களில் நம் ஊர்களில் கிராம சபை கூடுகிறது. சாலை, விளக்கு, குடிநீர் பற்றிக் கேட்கிறோம். இதையும் கேட்போம். "எங்கள் ஊருக்கு வரும் செவிலியரின் வழிச்செலவை முழுமையாகக் கொடுங்கள்" என்று தீர்மானம் எழுதச் சொல்வோம். அவர் தமக்காகக் கேட்டால் பேராசை என்பார்கள். ஊர் கேட்டால் உரிமை என்பார்கள்.

நம் குற்றத்தில் தொடங்கினோம். அதன் முடிவையும் சொல்லிவிடுகிறோம். அடுத்த வியாழன் நர்சம்மா வந்தார். மன்னிப்புக் கேட்டோம். "அத விடுங்க தம்பி" என்றார். புண் மெல்ல ஆறத் தொடங்கியிருந்தது. கட்டி முடித்து எழுந்தபோது ஆயா முந்தானை முடிச்சை அவிழ்த்து, கசங்கிய ஐம்பது ரூபாய்த் தாளை எடுத்து நீட்டினார். "பெட்ரோல் போட்டுக்கம்மா" என்றார். நர்சம்மா அந்தக் கையை மெல்ல மூடி, ஆயாவின் மடியிலேயே வைத்தார்.

"வேணாம் ஆயா. இத குடுக்க வேண்டியது நீ இல்ல."

கோபமில்லாமல்தான் சொன்னார். முதியோர் ஓய்வூதியத்தில் உயிர்வாழும் கிழவிக்குக்கூடத் தெரிந்துவிட்டது, அந்த வண்டி காற்றில் ஓடவில்லை என்று. கொடுக்க வேண்டியவர்களுக்கு அது தெரியும்வரை, தோழர்களே, நாம் சொல்லிக்கொண்டே இருப்போம்.